டிஷ் வைத்தவர்கள் எர்த் போட வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜவ்வாது மலையில் கோடை மழையானாலும் ஐப்பசி மழையானாலும் இடியோடுதான் வரும். டவர் சிக்னல் எட்டாத எங்கள் பகுதியில், பொதுக் கட்டடம் ஒன்றுக்குச் செயற்கைக்கோள் இணைப்பு கொடுத்தார்கள். பக்கத்தில் ஓர் இடி விழுந்ததில் மோடமும், டிஷ்ஷில் சிக்னல் வாங்கும் எல்.என்.பி.யும் கருகிவிட்டன. கேட்டதற்கு, "மலையில் இடி விழத்தான் செய்யும்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலை ஏற்க முடியாது.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். டிஷ் நிற்கும் இரும்புக் கம்பத்தில் பெயின்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே பச்சை ஒயரை முறுக்கியிருக்கிறார்கள். மறுமுனை கட்டடத்தின் ஓரம் சரளைக் கல்லில் ஒரு சாண் ஆழம்கூட இறங்காத கம்பியில் கட்டப்பட்டிருக்கிறது. கரண்ட் எர்த் குழியோ கட்டடத்தின் பின்பக்கம் தனியாக இருக்கிறது. இரண்டுக்கும் இணைப்பே இல்லை. அருகில் இடி விழுந்தால் இரண்டு எர்த்துக்கும் நடுவே பல ஆயிரம் வோல்ட் வேறுபாடு உண்டாகும். அது பாய்வதற்குக் கிடைக்கும் வழி கேபிளும் மோடமும்தான்.

நேரடியாக விழும் இடி சுமார் 30,000 ஆம்பியர் கொண்டது. அதை எந்தக் கருவியும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் கருவியைக் கெடுப்பது அக்கம்பக்கத்தில் விழும் இடி. அதைத் தடுக்க வழி உண்டு. எர்த் போடும் முறையை ஐ.எஸ். 3043 சொல்கிறது, இடிதாங்கிக்கு ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 இருக்கிறது. முடிந்தவரை 10 ஓமுக்குக் கீழே எர்த் மின்தடை இருக்கட்டும் என்பது 62305-இன் பரிந்துரை. எங்கள் பாறை நிலத்தில் ஒற்றைக் கம்பி போதாது. கட்டடத்தைச் சுற்றி ஜி.ஐ. பட்டை புதைத்து, பென்டோனைட் மண் நிரப்பி, எல்லா எர்த்தையும் ஒன்றாக இணைக்க வேண்டும். கேபிள் உள்ளே நுழையும் இடத்திலேயே சர்ஜ் ப்ரொடெக்டர் வைத்து, அதையும் அந்த எர்த்தோடு சேர்க்க வேண்டும்.

இதே மலையில், காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. நுட்பமான கருவிக்கு இந்த மலை ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது.

கருவி போனால் வேறு வாங்கலாம். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,500 பேருக்கு மேல் இடி தாக்கி இறக்கிறார்கள். அந்த டிஷ்ஷுக்கு நேர் கீழே, மழைக்கு ஒதுங்கிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையச் சேவைக்கும் மத்திய அரசு உரிமம் கொடுத்துவிட்டது. இனி மலையூர்களில் டிஷ்கள் பெருகத்தான் போகின்றன.

திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாவட்ட ஆட்சியர்களுக்கு என் வேண்டுகோள்: எர்த் டெஸ்டரால் அளந்த ஓம் கணக்கை எழுத்தில் வாங்காமல் எந்த ஒப்பந்ததாரருக்கும் பில் பாஸ் செய்யாதீர்கள். ஏற்கெனவே வைத்த டிஷ்களையும் ஐப்பசி மழைக்கு முன்பே அளந்து, குறையிருந்தால் வைத்தவர்கள் செலவிலேயே சரிசெய்ய உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜமுனாமரத்தூர்.