ஊர் கூடி இழுக்கும் தேர்... வடம் யார் கையில்?

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு செல்போனை எடுத்து, ஷாப்பிங் தளம் ஒன்றில் புடவை பார்க்கிறீர்கள். பிடித்த இரண்டைக் கூடையில் போட்டுவிட்டு, `நாளைக்கு யோசிக்கலாம்' என்று மூடிவைக்கிறீர்கள். காலையில் திறந்தால், இரண்டு புடவைகளும் கூடையில் அப்படியே இருக்கின்றன. பாஸ்வேர்டுகூட மறுபடி கேட்கவில்லை.

இதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது யார்? உலகம் முழுக்கப் பல இணையதளங்களில் அந்த வேலையைச் செய்துவருவது `ரெடிஸ்' என்ற சாஃப்ட்வேர். வழக்கமான டேட்டாபேஸை மளிகைச் சாமான் அடுக்கிய ஸ்டோர் ரூம் என்று வைத்துக்கொண்டால், ரெடிஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும் அஞ்சறைப்பெட்டி. அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கம்ப்யூட்டரின் மெமரியிலேயே வைத்திருந்து, கேட்ட மாத்திரத்தில் எடுத்துக்கொடுக்கும்.

இந்த அஞ்சறைப்பெட்டிக்காக 2024 மார்ச்சில் ஒரு பெரிய சண்டை நடந்தது. அமேசான், கூகுள், ஆரக்கிள் என்று ஒன்றோடொன்று முட்டி மோதும் நிறுவனங்கள் ஒரே பக்கம் நின்ற சண்டை அது. பலர் சேர்ந்து வளர்த்த பொதுச் சொத்தை யார் நிர்வகிப்பது என்பதுதான் அதன் மையம்.

இலவசமாகக் கிடைத்த சாஃப்ட்வேர்

இத்தாலியின் சிசிலித் தீவைச் சேர்ந்தவர் சால்வதோரே சான்ஃபிலிப்போ. ஓர் இணையதளத்துக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்பதை அந்த நொடியிலேயே காட்டும் சேவை ஒன்றை நடத்திவந்தார். அப்போதிருந்த டேட்டாபேஸால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தன் தேவைக்குத் தானே ஒன்றை எழுதினார். 2009-ல் அதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டார்.

ஓப்பன் சோர்ஸ் என்றால், சமைத்த பண்டத்தோடு சமையல் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது. ரெடிஸுக்கு அவர் தேர்ந்தெடுத்த `பி.எஸ்.டி' லைசென்ஸ் மிகவும் தாராளமானது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவரின் காப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

உலகமே எடுத்துக்கொண்டது. பல நிறுவனங்களின் இன்ஜினீயர்கள் அதில் கோளாறுகளைச் சரிசெய்து, புது வசதிகளை எழுதி, திருப்பிக் கொடுத்தார்கள். போட்டி நிறுவனங்கள் ஏன் ஒரே சாஃப்ட்வேருக்கு உழைக்க வேண்டும்? கணக்கு எளிமையானது. ஒரு நிறுவனம் தான் செய்த திருத்தத்தைத் தனியாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புது வெர்ஷன் வரும்போதும் அதை மறுபடி ஒட்டவைக்கும் வேலை அதன் தலையில்தான் விழும். பொதுவில் கொடுத்துவிட்டால், அதைப் பராமரிக்கும் பாரம் எல்லோருக்கும் பங்கு பிரிந்துவிடும். தர்ம சிந்தனையும் இருக்கலாம். ஆனால், செலவு மிச்சம் என்ற காரணமே போதும்.

ஐந்து பேரில் மூன்று பேர்

இலவச சாஃப்ட்வேரை எழுதுகிறவருக்கும் வீட்டு வாடகை உண்டு. சான்ஃபிலிப்போவுக்கு முதலில் வி.எம்.வேர் நிறுவனமும், பிறகு பிவோட்டலும், 2015 முதல் `ரெடிஸ் லேப்ஸ்' என்ற நிறுவனமும் ஆதரவு அளித்தன. ரெடிஸ் லேப்ஸ், ரெடிஸை நம்பியே தொழில் நடத்திய நிறுவனம். காலப்போக்கில் `ரெடிஸ்' என்ற பெயரின் ட்ரேட்மார்க்கும் அதனிடமே போய்ச் சேர்ந்தது.

2018-ல் அந்த நிறுவனம், ரெடிஸோடு சேர்த்துப் பயன்படுத்தும் சில கூடுதல் பகுதிகளின் லைசென்ஸை இறுக்கியது. பலருக்கும் சந்தேகம் வந்தது. `ரெடிஸின் மூலப் பகுதி எப்போதும் பி.எஸ்.டி-யில்தான் இருக்கும்' என்று அப்போது உறுதி சொல்லப்பட்டது.

2020 ஜூனில், 11 ஆண்டுகள் பார்த்த பொறுப்பிலிருந்து சான்ஃபிலிப்போ விலகினார். அதுவரை அவர் சொன்னதே இறுதி முடிவு. அவர் இடத்துக்கு ஐந்து பேர் கொண்ட குழு வந்தது. மூன்று பேர் ரெடிஸ் லேப்ஸ் ஊழியர்கள். அலிபாபாவிலிருந்து ஒருவர், அமேசானிலிருந்து ஒருவர்.

எந்த வகை கோட் ஏற்கப்பட வேண்டும், எந்த வசதி வேண்டாம் என்பதையெல்லாம் இந்தக் குழு சுமுகமாகவே பேசித் தீர்த்தது. வெளியிலிருந்து பார்த்தால் பொதுச் சபை மாதிரிதான் இருந்தது. ஆனால், பெரும்பான்மை ஒரே நிறுவனத்திடம் இருந்தது. பெயர்ப்பலகையும் அதே நிறுவனத்திடம். 2021-ல் அந்த நிறுவனம் தன் பெயரில் இருந்த `லேப்ஸ்' என்பதையும் எடுத்துவிட்டு, வெறும் `ரெடிஸ்' ஆனது. சாஃப்ட்வேருக்கும் கம்பெனிக்கும் ஒரே பெயர்!

எட்டே நாள்

2024 மார்ச் 20. இனி வரும் வெர்ஷன்களுக்கு பி.எஸ்.டி லைசென்ஸ் கிடையாது என்று அறிவித்தது ரெடிஸ் நிறுவனம். தங்கள் இணையதளத்துக்காக மட்டும் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. ஆனால், ரெடிஸை ஒரு சேவையாக வாடிக்கையாளர்களுக்கு விற்கும் நிறுவனங்கள், இனி தனி ஒப்பந்தம் போட வேண்டும். இல்லையென்றால், தங்கள் சேவையை நடத்தும் மொத்த கோடையும் வெளியிட வேண்டும். நடைமுறையில் இரண்டாவது வழியை எந்தப் பெரிய நிறுவனமும் தேர்ந்தெடுக்காது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அமேசான் 2013 முதல் ரெடிஸைத் தன் க்ளவுட் சேவையாக விற்றுவந்தது. மற்ற க்ளவுட் நிறுவனங்களும் அப்படியே. `சம்பளம் கொடுத்து ஆள் வைத்து இதை வளர்ப்பது நாங்கள். கல்லாப்பெட்டி நிறைவது அவர்களுக்கா?' என்பதுதான் ரெடிஸ் தரப்பின் குமுறல்.

எதிர்த் தரப்புக்கும் பதில் இருந்தது. வெளி நிறுவனங்களின் இன்ஜினீயர்களும், தனி ஆட்களும் ஆண்டுக்கணக்கில் இதில் உழைத்திருக்கிறார்கள். ஊர் கூடி இழுத்த தேர், பாதி வழியில் தனி ஒருவரின் வண்டி என்று சொல்லப்பட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

சரியாக எட்டாவது நாள். மார்ச் 28 அன்று லினக்ஸ் ஃபவுண்டேஷன் `வால்கி' என்ற புதிய திட்டத்தை அறிவித்தது. ரெடிஸின் கடைசி பி.எஸ்.டி வெர்ஷன்களில் ஒன்றான 7.2.4-ஐ அப்படியே எடுத்து, பெயரை மட்டும் மாற்றித் தொடங்கிய கிளை அது. ஆதரவாளர்களாக அமேசான், கூகுள் க்ளவுட், ஆரக்கிள், எரிக்ஸன், ஸ்னாப் ஆகியவை நின்றன. பழைய ஐவர் குழுவில் இருந்த அமேசான், அலிபாபா இன்ஜினீயர்களும் இங்கே வந்து சேர்ந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லைசென்ஸை மாற்ற ரெடிஸ் நிறுவனத்துக்கு இடம் கொடுத்ததும் பி.எஸ்.டி-தான், வெளியேறித் தனிக்குடித்தனம் போக மற்றவர்களுக்கு வழி கொடுத்ததும் அதே பி.எஸ்.டி-தான். கோடை எல்லோரும் எடுத்துப்போக முடிந்தது. எடுத்துப்போக முடியாதது ஒன்றே ஒன்று... பெயர்.

மூன்றில் ஒரு பங்கு

சூடு கண்ட பூனைகள் வால்கிக்கு எழுதிய நிர்வாக விதிகளைப் பார்த்தால், பழைய காயம் எங்கே என்று தெரியும். தொழில்நுட்ப முடிவுகளை எடுக்கும் குழுவில், எந்த ஒரு நிறுவனத்தின் ஆட்களும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. பெயர் எந்தப் போட்டியாளரிடமும் இல்லை. அது லினக்ஸ் ஃபவுண்டேஷனிடம் இருக்கிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த வித்தை அல்ல. இன்றைய க்ளவுட் சேவைகளின் முதுகெலும்பான `குபர்னெட்டிஸ்' கூகுளில் பிறந்தது. 2015-ல் முதல் முழு வெர்ஷன் வந்த கையோடு, அதை லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உருவான ஒரு பொது அமைப்பிடம் கூகுள் ஒப்படைத்தது. அதன் வழிகாட்டும் குழுவில் ஏழு பேர். ஒரே நிறுவனத்திலிருந்து இரண்டு பேருக்கு மேல் கூடாது. ஒரு நிறுவனம் இன்னொன்றை விலைக்கு வாங்கி, அதனால் எண்ணிக்கை மூன்றாகிவிட்டால்? ஒருவர் ராஜினாமா செய்ய வேண்டும். யாரும் விலகவில்லை என்றால், அந்த நிறுவனத்தைச் சேர்ந்த எல்லோரையும் நீக்கிவிட்டுத் தேர்தல் நடத்த வேண்டும். அவ்வளவு முன்ஜாக்கிரதை!

இதற்கும் முன்னோடி `எக்லிப்ஸ்'. புரோகிராம் எழுத உதவும் இந்தச் சாஃப்ட்வேரை 2001-ல் பொதுவில் வைத்தது ஐ.பி.எம். ஆனால், `இது ஐ.பி.எம்-மின் சமாசாரம்' என்ற எண்ணத்தில் போட்டியாளர்கள் தயங்கினார்கள். 2004-ல் தனி ஃபவுண்டேஷன் அமைத்து, ஐ.பி.எம் பிடியைத் தளர்த்தியது. விட்டுக்கொடுத்ததால் அந்தச் சாஃப்ட்வேருக்கு மதிப்பு கூடியது.

விட்டுக்கொடுக்கத் தயங்கியதற்கும் உதாரணம் உண்டு. கூகுளும் ஐ.பி.எம்-மும் லிஃப்டும் சேர்ந்து 2017-ல் வெளியிட்டது `இஸ்டியோ'. அதன் ட்ரேட்மார்க்கை 2020-ல், குபர்னெட்டிஸ் இருக்கும் பொது அமைப்பிடம் கொடுக்காமல், தான் புதிதாகத் தொடங்க உதவிய வேறோர் அமைப்பிடம் கொடுத்தது கூகுள். பேசிவைத்தது இது இல்லையே என்று ஐ.பி.எம் வெளிப்படையாகவே வருத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2022-ல்தான் இஸ்டியோ அந்தப் பொது அமைப்புக்கு வந்து சேர்ந்தது.

லினக்ஸ் கதை வேறு மாதிரி. 1991-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், எழுதியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவரவர் எழுதிய வரிகளின் உரிமை அவரவரிடமோ, அவர்களின் நிறுவனத்திடமோ இருக்கிறது. லைசென்ஸும் பி.எஸ்.டி அல்ல, மாற்றி வெளியிடுகிறவர் அதே லைசென்ஸில்தான் வெளியிட வேண்டும் என்று கட்டும் ஜி.பி.எல். அதனால் எந்த ஒரு நிறுவனமும் ஒரு காலைப்பொழுதில் எழுந்து விதியை மாற்றிவிட முடியாது. கூட்டுப் பட்டாவில் இருக்கும் நிலம் மாதிரி.

பணம் எங்கிருந்து வரும்?

ஃபவுண்டேஷன் என்றதும் எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் பெரிய நிறுவனங்கள்தான் சந்தா கட்டுகின்றன. அதிகம் கட்டுகிறவர்களுக்கு நிர்வாகக் குழுவில் நாற்காலி உண்டு. அதனால்தான் நல்ல அமைப்புகள் இரண்டு மேஜைகளைத் தனித்தனியாகப் போடுகின்றன. ஒன்று, பட்ஜெட், மாநாடு, சட்டச் செலவு என்று பணத்தைப் பேசும் மேஜை. மற்றொன்று, எந்த கோட் உள்ளே வரலாம் என்று முடிவெடுக்கும் மேஜை. முதல் மேஜையில் பணத்துக்கு இடம் உண்டு. இரண்டாவது மேஜையில், உழைத்துக் காட்டியவருக்குத்தான் இடம்.

அப்படியும் ஒரு சிக்கல் தீராது. முழு நேரம் உட்கார்ந்து உழைத்துக் காட்ட, சம்பளம் கொடுக்க ஒரு நிறுவனம் வேண்டுமே? வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரியில் கோட் எழுதும் தனி ஆளுக்கு அந்த நாற்காலி எட்டுவது கஷ்டம்தான். வால்கியின் முதல் குழுவில் இருந்தவர்களும் பெரிய நிறுவனங்களின் ஊழியர்களே. மூன்றில் ஒரு பங்கு விதி, ஒரு நிறுவனத்தின் ஆதிக்கத்தைத் தடுக்கும். நிறுவனங்களின் ஆதிக்கத்தைத் தடுக்காது.

பிரிந்த பிறகு

ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள் ரெடிஸை எடுத்துவிட்டு வால்கியை வைத்தன. 2024 அக்டோபரில் அமேசான், ரெடிஸுக்கு வாங்குவதைவிட 20 சதவிகிதமும் அதற்கு மேலும் விலை குறைத்து வால்கி சேவையை விற்கத் தொடங்கியது. பொதுச் சொத்தைக் காப்பாற்ற வந்தவர்களுக்கு வியாபாரமும் நன்றாகவே நடந்தது.

2024 டிசம்பரில் சான்ஃபிலிப்போ, நான்கு ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு ரெடிஸ் நிறுவனத்துக்கே திரும்பி வந்தார். 2025 மே மாதம் வெளியான ரெடிஸ் 8-க்கு, ஏ.ஜி.பி.எல் என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸும் சேர்க்கப்பட்டது. மூடிய கதவு திறந்துவிட்டது. ஆனால், வெளியே போனவர்கள் அதற்குள் தனி வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். அடுப்பு இரண்டாகிவிட்டது. ஒரே கோளாறை இரண்டு இடத்தில் சரிசெய்ய வேண்டும். ஒரே இணையதளக்காரர் இரண்டில் எது என்று யோசிக்க வேண்டும்.

2020-ல் ஐந்து நாற்காலிகளைப் பங்கிட்ட அன்று, எல்லோரும் நண்பர்களாகத்தான் இருந்தார்கள். அன்றைக்கே ட்ரேட்மார்க்கைப் பற்றியும், லைசென்ஸை மாற்ற எத்தனை பேர் சம்மதம் வேண்டும் என்பதைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவைத்திருந்தால், இந்தப் பிரிவினை நடந்திருக்காதோ என்னவோ. ஆனால், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது பாகப்பத்திரத்தைப் பற்றிப் பேச யாருக்கு மனசு வரும்?