கணனி தானாக அணைந்து எழும்பினால்…



கடிதமொன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே திரை கறுத்து, கணனி தானாக அணைந்து, தானாகவே மறுபடி எழும்புகிறது. ஒரு நாளைக்கு நாலு தடவை, மறுநாள் ஒன்றுமே இல்லை. கடைக்குக் கொண்டுபோனால் அநேகமாகக் கிடைக்கும் முதல் பதில், “போர்மட் அடிக்கவேண்டும்” என்பதுதான். போர்மட் என்றால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. நம்மில் பலரின் கணனியில் இருப்பதோ, ஸ்கேன் செய்து வைத்த மரணச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள், பிள்ளைகள் நேரில் பார்த்தேயிராத வாப்பாவின் ஒரே புகைப்படம். 26.12.2004 அன்று சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கடல் கொண்டுபோன காகிதங்களைத் திரும்ப எடுக்க எத்தனை கந்தோர்ப் படி ஏறவேண்டியிருந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, கணனி இப்படிச் செய்யத் தொடங்கிய அன்றே, அது ஓடுகிற நேரத்தில், இந்த ஆவணங்களையும் படங்களையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். முடிந்தால் இன்னொரு பிரதியை வேறு வீட்டில், உம்மாவிடமோ ராத்தாவிடமோ கொடுத்து வையுங்கள். கோளாறைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

அடுத்தது, ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது என்ன வேலை நடந்தது, வீட்டில் வேறு என்ன ஓடியது? ஒரு கிழமைக்கு எழுதினால் பாதிக் காரணம் அதிலேயே தெரிந்துவிடும். “அப்டேட் செய்கிறேன்” என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு அணைந்தால் அது நோயே அல்ல. விண்டோஸ் தன் புதுப்பித்தலை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 14.10.2025 அன்று முடிந்தது உண்மை. அதனால்தான் கணனி அணைகிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாதுகாப்புக் குறையுமே தவிர, அந்தத் திகதி வந்ததற்காக இயந்திரம் அணையாது.

போட்டு அரை மணித்தியாலத்தில் அணைகிறது, கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டால் ஓடுகிறது, மத்தியான வெயிலில் கூடுதலாக அணைகிறது என்றால் சூடுதான் காரணம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். கணனியின் மூளையான புரொசசர் அளவுக்கு மிஞ்சிச் சூடாகினால், கருகிப் போகாமல் இருக்கத் தானே அணைந்துகொள்ளும். அதன் மேலுள்ள சிறு மின்விசிறியிலும் அலுமினியத் தகடுகளிலும் தூசு அடைத்தால் காற்றுப் போகாது. நம் கரையோரத்தில் ஜன்னல் கம்பியைக்கூட விட்டுவைக்காத உப்பு ஈரம் தூசோடு சேர்ந்து அப்பிக்கொள்கிறது. தறி ஓடுகிற மருதமுனை வீடுகளில் நூல் பஞ்சும் சேரும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து, காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுக்கலாம். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள், சுழலவிட வேண்டாம். ஈரத்துணி ஆகாது. புரொசசருக்கும் தகட்டுக்கும் இடையில் பூசிய பசை வருடக்கணக்கில் காய்ந்துபோகும். அதை மாற்றுவதைக் கடையில் கொடுத்துச் செய்யலாம், பெரிய செலவில்லை. லெப்டொப் என்றால் மெத்தையில் வைத்து வேலை செய்வதை நிறுத்தினாலே பாதி சரிவரும்.

தண்ணீர் மோட்டர் போடும்போதும், பிரிட்ஜ் உதறிக்கொண்டு எழும்பும்போதும் அணைகிறதா? அப்படியானால் மின்சாரத்தைப் பாருங்கள். வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். பாரமான சாமான் ஓடத் தொடங்கும் அந்த நொடியில் அது விழுந்தெழும்பும். கணனியையும் பிரிட்ஜையும் ஒரே மல்டி பிளக்கில் கொடுக்கவே கூடாது. யூ.பி.எஸ். இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அதன் பெட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும், பிறகு அந்த யூ.பி.எஸ்.ஸே கணனியை அணைக்கும். அதைக் கழற்றிவிட்டு இரண்டு நாள் நேரே சுவரில் கொடுத்துப் பார்த்தால் தெரியும். 2022இல் 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டையும் பார்த்தோம். 09.02.2025 அன்று பாணந்துறையில் ஒரு குரங்கு உபமின்நிலையத்தில் புகுந்து முழு நாட்டையும் இருட்டாக்கியதையும் பார்த்தோம். கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றுங்கள். திரும்ப வந்து பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். கணனிக்குள் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

பழைய இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விடயம். மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைகள் கப்பாசிற்றர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஊதியிருந்தால் அல்லது மண்ணிறப் பிசின் கசிந்திருந்தால், தானாக அணைவதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தரங்கெட்ட கப்பாசிற்றர்கள் உலகெங்கும் புகுந்துவிட்டன. டெல் நிறுவனம் தன் ஒப்டிபிளெக்ஸ் கணனிகளைத் திருத்திக் கொடுக்க 2005இல் 30 கோடி டொலர் ஒதுக்க வேண்டி வந்தது. அந்தக் கணனிகளை எத்தனை முறை போர்மட் செய்தும் பயன் இருந்திராது.

நேரங்காலமில்லாமல், ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு வேலையில் அணைந்தால் ரேம் எனும் நினைவகத் தகட்டைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, தகட்டைக் கழற்றி, மஞ்சள் நிற முனைகளைப் பிள்ளைகளின் இறேசரால் மெல்ல உரசி, துகளைத் தட்டிவிட்டு, “கிளிக்” என்று கேட்கும்வரை அழுத்திப் போடுங்கள். இரண்டு தகடு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். “விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக்” என்று தேடினால் சோதிக்கும் கருவி கணனியிலேயே இருக்கிறது.

நீலத்திரை மின்னலாக வந்து மறைந்தால், கணனிதான் அதை மறைக்கிறது. சிஸ்டம் புரொபர்ட்டீஸில் “ஸ்டார்ட் அப் அன்ட் ரிகவரி” என்ற இடத்தில் “ஒட்டோமெட்டிக்கலி ரீஸ்டார்ட்” என்பதன் எதிரே உள்ள சரியடையாளத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நிற்கும், அதிலுள்ள எழுத்தைக் கொப்பியில் எழுதலாம். ஈவென்ட் வியூவரில் “கேர்னல் பவர் 41” என்று கிடந்தால் பவர் சப்ளை போய்விட்டது என்று சிலர் உடனே விலை சொல்வார்கள். முறையாக மூடாமல் கணனி அணைந்தது என்பது மட்டுமே அதன் பொருள். அது நமக்கு முன்னமே தெரியும்.

ஹார்ட் டிஸ்க் “டிக் டிக்” என்று சத்தமிட்டால் மேற்சொன்ன எதையும் செய்யாமல் அணைத்துவிடுங்கள். ஓடவிட ஓடவிட உள்ளிருப்பது அழியும்.

கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், கொப்பியைக் காட்டி எப்போது அணைகிறது என்று சொல்லுங்கள். “கேட்காமல் போர்மட் செய்யக்கூடாது” என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். சூடோ கரண்டோ ரேமோ பார்ப்பதற்கு உங்கள் ஹார்ட் டிஸ்க் அவர்களுக்குத் தேவையில்லை, கழற்றித் தரச்சொல்லி வீட்டுக்குக் கொண்டுவரலாம். புதிய டிஸ்க் போட்டாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். நம் குடும்பப் படங்கள் இன்னொருவர் மேசையில் கிடக்க வேண்டியதில்லை.