எச்சதத்தனுக்கும் இடம் உண்டு

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில், கருவறைக்கு ஏறும் வடபுறப் படிகளின் அருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தி வீற்றிருக்கிறார். உமையம்மை உடனிருக்க, கைகூப்பிய சிறுவனின் தலையில் பெருமான் மாலை சூட்டுகிறார். முதலாம் இராசேந்திரன் காலத்துச் சிற்பங்களில் இதற்கு இணை சொல்வது கடினம். தரிசிப்போர் சிறுவனைக் கண்டு நெகிழ்வர். அவன் தந்தையை நினைப்போர் குறைவு.

அவர் சேய்ஞலூர் எச்சதத்தன். மகன் விசாரசருமர் மணலால் இலிங்கம் அமைத்துப் பால் சொரிந்து வழிபட்டபோது, ஊராரின் பழிச்சொல்லுக்கு அஞ்சி மகனை அடித்தார். பாற்குடத்தையும் காலால் இடறினார். மகன் எடுத்த கோல் மழுவாகி அக்கால்களைத் துணித்தது. இனித் தாமே தந்தை என்று இறைவன் சிறுவனை ஏற்றுக்கொண்டார். பலரும் இங்கே கதையை முடித்துவிடுகின்றனர். சேக்கிழார் முடிக்கவில்லை. குற்றம் நீங்கிய எச்சதத்தனும் சுற்றத்துடன் சிவலோகம் எய்தினார் என்கிறது பெரிய புராணம். இறைவனே தந்தையான பின்னும் பெற்றவர் தள்ளப்படவில்லை.

சீன ஞானி லாவோட்சு அருளியதாகக் கூறப்படும், 81 இயல்கள் கொண்ட ‘தாவோ தே சிங்’ நூல் நீரை உயர்ந்த நன்மைக்கு உவமையாக்குகிறது. மனிதர் வெறுக்கும் தாழ்விடத்திலும் நீர் தயங்காமல் தங்கும். வமிசமும் மேட்டை மட்டும் தொட்டு ஓடி வருவதில்லை. குடித்து நிலத்தைத் தொலைத்த பாட்டனார், மனைவியைக் கைவிட்டுப் போன பெரியப்பா எனச் சிலரின் படம் மட்டும் சுவரில் இராது. பேரப்பிள்ளைகள் கேட்டால் பேச்சு மாறும். ஆயினும் அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தை, பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் மூவருக்கும் எள்ளும் நீரும் உண்டு. கோத்திரமும் பெயரும் சொல்லப்படும், நடத்தை கேட்கப்படுவதில்லை. (வாரிசுச் சான்றிதழிலும் அப்படியே!) இதனால் அவர்கள் செய்தது சரியாகிவிடாது. எச்சதத்தனின் கால்கள் துணிக்கப்பட்ட பிறகே அருள் கிட்டியது.

குலத்தைப் போலவே குலதெய்வமும் நாம் தேர்ந்தெடுத்து வருவதன்று. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் மதுரகாளியம்மனைத் தேடி, வெளியூர்களில் குடியேறிய குடும்பங்கள் தலைமுறைகள் கடந்தும் வருகின்றன. அவ்விடத்தில் முன்பு உறைந்தவள் செல்லியம்மன். மதுரகாளிக்கு இடமளித்து அவள் பெரியசாமி மலைக்குச் சென்றாள் என்பது தலவரலாறு. இன்றும் பூசாரி தீபத்தை முதலில் அம்மலையை நோக்கிக் காட்டிய பிறகே மதுரகாளிக்குக் காட்டுகிறார்.