தன் மணம் தான் அறியா மூக்கு

'நாற்றம்' என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது. ஐம்புலன்களைத் தொகுத்துரைக்கும் திருவள்ளுவர், மூக்கிற்குரிய புலனை நாற்றம் என்றே சுட்டுகிறார். சங்கப் பாடல்களில் மலரும் நாறும். மகளிர் கூந்தலும் நாறும். இன்றோ ஒருவரை நோக்கி அச்சொல்லைச் சொன்னால் வசையாகிவிடும். இதனை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர். சொல் இழிந்ததைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. பிறரிடத்து நாற்றம் காணும் நம் மூக்கு, நம்மிடத்து அதனைக் காண்பதே இல்லை. ஏன் காண்பதில்லை?

மூக்கின் உட்புறத்து மேற்பகுதியில் மணமறியும் நரம்பணுக்கள் அமைந்துள்ளன. அவற்றில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. இவ்வகை ஏற்பிகளுக்குரிய மரபணுக்களை 1991இல் கண்டறிந்து கூறிய அமெரிக்க அறிவியலாளர்களான லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் இருவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரே மணம் இடைவிடாது வந்துகொண்டிருந்தால், அவ்வணுக்கள் சில நிமிடங்களிலேயே கிளர்ச்சி குன்றுகின்றன. மூளையும் அச்செய்தியைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகிறது. இது மூக்கின் குறையன்று. புதிதாய் எழும் புகையையும் கெட்டுப்போன உணவையும் உடனே உணர்த்துவது அதன் முதற்கடமை. வாயிற்காவலன் வீட்டாரைக் கண்டு குரல் எழுப்புவதில்லை. அயலாரைக் கண்டே எழுப்புகிறான். மூக்கும் அத்தகைய காவலனே.

அத்தர்க் கடையில் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர்க்கு அம்மணம் தெரிவதில்லை; வழியே செல்வோர்க்குத் தெரிகிறது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் தோல் பதனிடும் சாலைகளின் அருகே இறங்கும் வெளியூரார் கைக்குட்டையைத் தேடுவர். அங்கே வாழ்வோர் இயல்பாக உரையாடிக்கொண்டிருப்பர். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பி, நம் வீட்டுக் கதவைத் திறக்கும் அந்த ஒரு கணத்தில்தான் நம் வீட்டிற்கும் ஒரு வாடை உண்டென்று நாம் உணர்கிறோம். மறுநாள் அதனையும் மறந்துவிடுகிறோம்.

உடல் வாடையும் இவ்வாறே. புதிதாய்ச் சுரக்கும் வியர்வைக்குப் பெரும்பாலும் மணமில்லை. தோலின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போதே வாடை பிறக்கிறது. பூண்டும் வெந்தயமும் உண்டவர் உடலில் தம் மணத்தை விட்டுச்செல்கின்றன. மேலைநாட்டுப் பாங்குடையவற்றை 'வெண்ணெய் நாறுவது' என்று குறிக்கும் ஒரு சொல் ஜப்பானிய மொழியில் உண்டு. வெண்ணெய் உண்ட ஐரோப்பியர் தம்மிடம் அப்படியொரு மணம் இருப்பதாக எண்ணியிருக்க மாட்டார்கள். அவர்களோ நம் மசாலா மணத்தைக் கண்டு முகம் சுளித்தார்கள்!

மூக்கு அறிவிப்பதோடு நின்றால் குற்றமில்லை. அது தீர்ப்பு வழங்கத் தொடங்கும்போதுதான் கேடு விளைகிறது. 2021 டிசம்பரில் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப அரசுப் பேருந்தில் ஏறிய முதிய பெண்மணி ஒருவர், மீன் வாடை வீசுகிறதென்று இறக்கிவிடப்பட்டார். அவர் நீதி கேட்டுப் பேருந்து நிலையத்தில் எழுப்பிய குரல் நாடெங்கும் கேட்டது. பணியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அவரை இறக்கியவர்க்கும் வீட்டில் மீன் மணம் கமழ்ந்திருக்கலாம். தட்டில் மணந்தது, உழைத்தவர் உடையில் மட்டும் எவ்வாறு நாறிற்று? விடுதி அறைகளிலும் வகுப்பு இருக்கைகளிலும் 'அவன் அருகில் அமர முடியவில்லை' என்று முணுமுணுக்கும் மாணவச் செல்வங்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒதுக்கப்படும் மாணவன் காரணம் அறியாமலே தனிமையில் வாடுகிறான். ஏனெனில் அவன் மூக்கு அவனுக்கு எதனையும் சொல்வதில்லை.

அவ்வாறாயின் தூய்மை வேண்டாவா எனச் சிலர் வினவக்கூடும். வேண்டும், நம் மூக்கை நம்ப இயலாது என்பதனாலேயே அது பெரிதும் வேண்டும். பூண்டோ வெங்காயமோ உண்டவர் அவ்வாடையோடு பள்ளிவாசலுக்கு வரலாகாது என்கிறது நபிமொழி. அந்நெறி உண்டவர்மீதே விதிக்கப்பட்டது; அருகில் நிற்பவரை மூக்கைப் பொத்தி இகழுமாறு அது சொல்லவில்லை. தமக்குத் தெரியாத தம் வாடையால் பிறர் துன்புறலாம் என்று அஞ்சி நீராடுவதும் உடை மாற்றுவதும் பண்பாடு. நண்பனிடத்து வாடை கண்டால் நால்வர் நடுவே நகையாடாது, தனியே அழைத்து இன்சொல்லால் எடுத்துரைப்பதும் பண்பாடே. அவ்வாறு ஒருவர் நமக்குச் சொன்னால், சினவாது நன்றி கூறி ஏற்பது அதனினும் உயர்ந்தது.

நம்மிடம் வாடையே இல்லை என்பதற்கு நம் மூக்கின் மௌனம் சான்றாகாது. இதனை உணர்ந்தவர் அயலாரின் வாடையைக் கொண்டு அவர்தம் தகுதியை அளக்கமாட்டார். பிறரை நோக்கிச் சுளிக்க எழும் முகத்தை ஒரு கணம் நிறுத்தி, 'நம் வாடையைப் பொறுத்துக்கொண்டவர் எத்தனை பேரோ?' என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக!