எண்பது வீதம் எங்களுக்கு மட்டுமா?

எங்கட கலைப்பீடத்தில் மூன்று கிரெடிட் பாடமென்றால் 45 மணித்தியால விரிவுரை. 80 வீத வரவு இல்லாட்டி சோதனை எழுத ஏலாது. அதாவது 36 மணித்தியாலம் நாங்கள் வகுப்பில் இருந்தாக வேண்டும், ஒன்பதுதான் தவறலாம்.

இரவில் கடையில் நின்று அறை வாடகை கட்டுகிற எங்கட நண்பன் பத்துத் தவறவிட்டான். அந்த ஒரு மணித்தியாலத்துக்காக ஒரு வருஷம் காத்திருக்கிறான். பிறகு ரிப்பீட் எழுதி எவ்வளவு திறமாகச் செய்தாலும் 'சி'க்கு மேல் கிடையாது.

வரவு வேண்டாமென்று நாங்கள் சொல்லேல்லை. விரிவுரையாளர் வராத நாள்களை யார் எண்ணுகிறது? அவருக்கும் ஒரு வரவேடு வையுங்கோ. நடக்காத விரிவுரைக்கு மாற்று வகுப்பு வையுங்கோ. பிறகு எங்களிட்டக் கையெழுத்துக் கேளுங்கோ.