ஒற்றைச் சொல்லோடு அனுப்பாதீர்கள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் நிற்கும் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பதினொன்றாம் நூற்றாண்டில் அந்தக் கோயிலை ஒட்டி வேதபாடசாலையும் ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையும் நடந்ததை அது விரிவாகச் சொல்கிறது. ஆதுலர் சாலைக்குப் பெயர் வீரசோழன். 15 படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளப் பெண்கள் இருவர். யாருக்கு எவ்வளவு நெல், இரவில் விளக்கெரிய எவ்வளவு எண்ணெய், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகள் எவை என்பதெல்லாம் அந்தச் சுவரில் தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. நோயாளிக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை ஊரே பார்க்கும்படி எழுதிவைத்தார்கள்.

அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இன்று ஒருவர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் கையில் ஒரு தாள் வருகிறது. ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. - ரியாக்டிவ்’ என்று அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பெரும்பாலான தாள்களில் அதற்கு மேல் எதுவும் இருப்பதில்லை. ரியாக்டிவ் என்றால் என்ன, அடுத்து எங்கே போக வேண்டும், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. கொடுக்கிறவரும் பல நேரம் சொல்வதில்லை.

ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்பில் இருப்பது பெரும்பாலோருக்கு இப்படித்தான் தெரியவருகிறது. காய்ச்சலோ வலியோ வந்து யாரும் போவதில்லை. ரத்த தான முகாமில் ரத்தம் கொடுத்தவருக்கு அழைப்பு வருகிறது. முதல் பிரசவத்துக்குப் பெயர் பதியப் போன பெண்ணின் தாயட்டையில் ஒரு குறிப்பு ஏறுகிறது. குடலிறக்க அறுவைக்கு நாள் குறித்த பிறகு டாக்டர் முகம் மாறுகிறது. வளைகுடா வேலைக்கு மெடிக்கல் போன பிள்ளை ‘அன்ஃபிட்’ என்று திரும்பி வருகிறான். அன்று மாலையே வீட்டில் அவர்களுக்குத் தட்டும் தம்ளரும் தனியாகிவிடுகின்றன.

பரிசோதனை முடிவை விளக்கமில்லாமல் கையில் திணித்து அனுப்புவது சிகிச்சை மறுப்புக்குச் சமம் என்பதே நம் நிலைப்பாடு. முதல் சோதனையில் கிருமி தெரிந்தால், அதே ரத்தத்தில் மீதிச் சோதனைகளும் செய்யப்பட வேண்டும். முடிவு தமிழில், அதன் பொருளோடும் அடுத்த படியோடும் வர வேண்டும். இதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் ஏன் ஒற்றைச் சொல்லில் அடங்காது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அமெரிக்க விஞ்ஞானி பரூக் பிளம்பெர்க் 1960களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் புரதத்தைக் கண்டார். பின்னர் அது கல்லீரலைத் தாக்கும் ஒரு கிருமியின் மேலுறை என்று தெரிந்தது. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர் மருத்துவமனைகளில் இன்றும் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று சொல்வது இதைத்தான். தாளில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று இருப்பதும் இதுவே. இது பாசிட்டிவ் என்றால் கிருமி இப்போது உடம்பில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்தும் இருந்தால் அது தங்கிவிட்டது என்று பொருள்.

ஆன்டி எச்.பி.எஸ். என்பது முற்றிலும் வேறு. அது கிருமியை எதிர்க்க உடம்பு செய்துகொண்ட எதிர்ப்பொருள். அது பாசிட்டிவ் என்றால் நல்ல சேதி: தடுப்பூசி வேலை செய்திருக்கிறது, அல்லது நோய் வந்து போய்விட்டது. பெயரில் ‘ஆன்டி’ என்ற ஒரு சொல்தான் வித்தியாசம். தாளில் இரண்டுக்கும் பக்கத்தில் அதே ‘பாசிட்டிவ்’. பாதுகாப்பாக இருக்கிறவர் பயந்து நடுங்குவதும், கவனிக்க வேண்டியவர் சும்மா இருந்துவிடுவதும் இந்த ஒரு சொல்லால் நடக்கின்றன.

மூன்றாவது, கிருமியின் உட்கருவுக்கான எதிர்ப்பொருளான ஆன்டி எச்.பி.சி. தடுப்பூசியால் இது வராது. கிருமி எப்போதாவது உண்மையாகவே உள்ளே வந்திருந்தால்தான் வரும். இதில் ஐ.ஜி.எம். வகை இருந்தால் பெரும்பாலும் தொற்று புதிது. பழைய தொற்றின் தடம் மட்டும் இருந்து, கிருமி அடங்கிக் கிடப்பவர்களும் உண்டு. அவர்கள் பின்னாளில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ள நேர்ந்தால் அடங்கியது மீண்டும் கிளம்பலாம். முன்கூட்டித் தெரிந்தால் தடுக்கலாம். காஞ்சிபுரம் காரைப்பேட்டையிலேயே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கும்போது, இது நமக்கு எங்கோ நடக்கும் சங்கதி ஆகாது.

மேலுறை, அதற்கான எதிர்ப்பொருள், உட்கருவுக்கான எதிர்ப்பொருள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒருவரின் நிலை தெரியும். வயது வந்த ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் பரிந்துரைத்தது. மூன்று ஆறும் கூடும் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமில்லை.

கிருமி இருக்கிறது என்று உறுதியான பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. கிருமி எவ்வளவு பெருகுகிறது? ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது? முதலாவதுக்கு எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனை. எச்.பி.இ.ஏ.ஜி. என்ற இன்னொரு சோதனை நெகட்டிவ் என்றதும் ‘கிருமி அடங்கிவிட்டது’ என்று ஆறுதல் சொல்லி அனுப்புவது தவறு. அது நெகட்டிவாக இருந்தும் கிருமி பெருகுகிறவர்கள் உண்டு. இரண்டாவதுக்கு எஸ்.ஜி.பி.டி. என்ற ரத்தச் சோதனை, ஸ்கேன் முதலியன. எஸ்.ஜி.பி.டி. அளவு 40 வரை சாதாரணம் என்று பல லேப் தாள்கள் போடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்ற எல்லையைக் கொள்கிறது. தாளில் ‘நார்மல்’ என்று வந்த ஒரு பெண், இந்தக் கணக்கில் கவனிக்கப்பட வேண்டியவராக இருக்கலாம்.

இன்னொரு குழப்பம் நம் மொழியிலேயே இருக்கிறது. ஈரல் சம்பந்தமான எதையும் ‘மஞ்சள் காமாலை’ என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். அசுத்த நீரால் வரும் காமாலையும் ரத்தத்தால் பரவும் இந்தக் கிருமியும் வேறு வேறு. முன்னது கண்ணை மஞ்சளாக்கி, பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். ஹெபடைட்டிஸ் பி தங்கிவிட்டவருக்குக் கண் மஞ்சளாகாமலே பல ஆண்டுகள் போகும். மஞ்சளாகும்போது ஈரல் சுருங்கத் தொடங்கியிருக்கலாம்.

மஞ்சள் என்றதும் நாம் தேடுவது கீழாநெல்லியை. அதை இளக்காரமாகப் பேசுவது நம் எண்ணமில்லை. உலக விஞ்ஞானமே அதை மதித்துச் சோதித்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், நோபல் பரிசு பெற்ற அதே பிளம்பெர்க்கோடு சேர்ந்து, கிருமி தங்கியவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்தார்கள். 1988இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் மறைந்தது என்றும், வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது என்றும் அது சொன்னது. தமிழ்நாடே பெருமைப்பட்ட செய்தி. ஆனால் பிற இடங்களில் மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. இன்று எந்த வழிகாட்டுதலும் அதைச் சிகிச்சையாக ஏற்கவில்லை. வயது வந்த பிறகு புதிதாகத் தொற்றுகிறவர்களில் 100க்கு 95 பேருக்கு மேல் உடம்பே கிருமியை விரட்டிவிடுகிறது. அந்தப் புகழ் நாட்டு மருந்து கொடுத்தவருக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நம்பிக்கையில், கிருமி தங்கிவிட்ட மீதிப் பேர் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். கீழாநெல்லி குடித்தவரும் டி.என்.ஏ. பார்க்கத்தான் வேண்டும்.

கிருமி தங்கிவிட்டாலும் கட்டுப்படுத்த மருந்து இருக்கிறது. டெனோஃபோவிர் என்ற மாத்திரை, நாளுக்கு ஒன்று. நெடுங்காலம் சாப்பிட வேண்டும். தானாக நிறுத்தினால் ஆபத்து. தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28இல் தொடங்கியது. சோதனையும் மாத்திரையும் அதில் இலவசம். இருந்தும் நிலைமை என்ன? உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, 2022இல் உலகில் 25.4 கோடிப் பேருக்கு இந்தக் கிருமி இருந்தது. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 3 கோடி. உலக அளவில் தங்களுக்கு இருப்பது தெரிந்தவர்கள் 13 சதவீதம். சிகிச்சை பெறுகிறவர்கள் 3 சதவீதம்.

மாத்திரை இருந்தும் ஆள் ஏன் வந்து சேரவில்லை? ஒரு தறிக்காரர் வீட்டை நினைத்துப் பாருங்கள். குழித்தறியில் அவர், பக்கத்தில் கோர்வைக்கு நாடா எறிய ஒரு பையன், உள்ளே நூல் சுற்றும் மனைவி. ஒரு நாள் தறி நின்றால் அன்றைய கூலி இல்லை. முதல் சோதனைக்கு ஒரு நாள், முடிவு வாங்க ஒரு நாள், ‘இன்னொரு டெஸ்ட் எடுக்கணும், செங்கல்பட்டு போங்க’ என்று ஒரு நாள், அந்த முடிவுக்கு இன்னொரு நாள். மூன்றாம் நாளிலேயே அவர் வீடு திரும்பிவிடுவார். உடம்பில் வலி இல்லையே! முதலில் எடுத்த ரத்தத்திலேயே அடுத்த சோதனையையும் செய்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்வது இதற்காகத்தான். மாதிரி வண்டியில் போகட்டும். மனிதர் தறியில் இருக்கட்டும். 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கிறது. அந்தப் பையில் ஹெபடைட்டிஸ் பி சோதனைக்கும் இடம் இருக்க முடியும்.

அந்தத் தறிக்காரரின் தட்டைத் தனியாக வைக்கத் தேவையில்லை. பக்கத்தில் உட்காரும் பையனைத் தள்ளி வைக்கத் தேவையில்லை. ஒன்றாகச் சாப்பிடுவதால், தொடுவதால், ஒரே நூலைக் கையாளுவதால் இந்தக் கிருமி பரவாது. ரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்திலும் பரவும். ஷேவிங் பிளேடும் பல் துலக்கும் பிரஷும் தனித்தனியாக இருக்க வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொண்டு, கிருமியும் எதிர்ப்பும் இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். இதைத் தாளின் பின்பக்கத்தில் தமிழில் அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

வேலை மறுப்பு தனிக் கொடுமை. எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2017இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. வெளிநாட்டின் விதியை நாம் மாற்ற முடியாது. உள்ளூர் நிறுவனம், இந்தச் சோதனை முடிவைக் காட்டி ஓர் இளைஞரைத் திருப்பி அனுப்புவதைத் தடுக்க முடியும். மாநில அரசு முதலில் தன் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் இதை ஆணையாகப் போடட்டும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது பிறக்கும் குழந்தை. வயது வந்தவருக்குத் தொற்றினால் 100க்கு 5 பேருக்கும் குறைவாகவே கிருமி தங்கும். பிறக்கும்போது தொற்றினால் 100க்கு 90 குழந்தைகளுக்குத் தங்கிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு மீதித் தவணைகள், தாய்க்குக் கிருமி இருந்தால் கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசி, கிருமி அதிகம் உள்ள தாய்க்குக் கர்ப்ப காலத்திலேயே மாத்திரை. இவ்வளவும் சரியாக நடந்தால் தொற்று அநேகமாகத் தடுக்கப்படும். தாய்ப்பால் கொடுக்கலாம். இந்தத் தடுப்பு நேரத்தில் நடக்க, தாயின் சோதனை முடிவு பிரசவ அறைக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தாயட்டையில் ஆங்கிலத்தில் கிறுக்கிய ஒரு சொல்லை நள்ளிரவில் யார் தேடிப் படிப்பார்கள்?

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில், பீரோவில் துணிக்கடியிலோ, வெளிநாடு போக எடுத்த பாஸ்போர்ட்டுக்குள்ளோ, அப்படி ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கிருமி எவ்வளவு, ஈரல் எப்படி இருக்கிறது, வீட்டில் யாருக்கு ஊசி போட வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் தமிழில் வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.