பத்து ஷில்லிங் கணக்கு

"கொடுத்த பணம் எங்கே போயிற்று? கணக்கைக் காட்டு!" என்று சின்னஞ்சிறு பழங்குடிக் கூட்டத்தாரைப் பார்த்து ஒரு பெரிய நாடு கேட்டது, அப்படிக் கேட்போர் அங்கே இன்றும் இருக்கிறார்கள். கேட்கட்டும். பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதிலே நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால், ஒரு கணக்கைக் கேட்பவர் இன்னொரு கணக்கை மூடி வைக்கலாமா? அந்த மூடிய கணக்கைத்தான் இன்று நம் தோழர்கள் முன் விரித்துக் காட்ட விரும்புகிறோம்.

கனடாவின் மிகப் பெரிய நகரம் டொரான்டோ. ஏறத்தாழ 28 லட்சம் மக்கள் வாழும் ஊர். நம் தமிழ் மக்களும் பெருந்தொகையாகக் குடியேறி, உழைத்துப் பிழைக்கும் வட்டாரம். வானளாவும் மாடிகள், வங்கிகள், பங்குச் சந்தை, எல்லாம் அங்கே உண்டு. அத்தனையும் நிற்கிற மண் யாருடையது? மிசிசாகா என்னும் பழங்குடி மக்களுடையது. பக்கத்திலே 7 லட்சம் பேர் வாழும் மற்றொரு நகரத்துக்கு மிசிசாகா என்றே பெயர். பெயர் ஊரில் இருக்கிறது; பெயருக்கு உரியவர்களுக்கு அங்கே நிலம் இல்லை!

எப்படிக் கைமாறியது அந்த மண்?

1787-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் மிசிசாகா தலைவர்களைக் கூட்டினர். பித்தளைக் கெண்டிகள் 24, முகம் பார்க்கும் கண்ணாடிகள் 120, துப்பாக்கிக் கற்கள் 2,000, ரம் 96 காலன் என்று பண்டங்களைக் கொடுத்தனர். பத்திரமும் எழுதினர். ஆனால் எந்த நிலம், எது எல்லை என்று எழுத வேண்டிய இடம் வெறுமையாகவே விடப்பட்டிருந்தது! தலைவர்களின் குலக்குறிகள் தனித்தனிச் சீட்டுகளிலே வரையப்பட்டுப் பத்திரத்தோடு ஒட்டப்பட்டிருந்தன. வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கும் வட்டிக்கடைக்காரனை நம் தொழிலாளத் தோழர்கள் நன்கு அறிவார்கள். அவனுக்கும் பிரிட்டிஷ் முடியரசுக்கும் இந்த இடத்திலே என்ன வேறுபாடு?

இந்தப் பத்திரம் செல்லாது என்பதை 1794-இல் கவர்னர் டார்செஸ்டர் பிரபுவே ஒப்புக்கொண்டார். மிசிசாகா மக்களிடம் சொன்னார்களா? இல்லை. 1805-இல் மறுபடி அழைத்து, பழைய விற்பனையை உறுதி செய்வதுபோல் புதிய பத்திரம் வாங்கினர். முன்பு பேசியதைவிடக் கூடுதலான நிலம் அதிலே அடங்கியது. சுமார் 2,50,000 ஏக்கர். அதற்குப் பத்திரத்திலே குறித்த விலை 10 ஷில்லிங். அரைப் பவுன்!

அந்த மக்கள் வாழ்ந்த ஆற்றின் பெயர் கிரெடிட் ஆறு. ஐரோப்பிய வணிகர்கள் அவர்களை நம்பிச் சரக்கைக் கடனாகக் கொடுத்து, அடுத்த பருவத்திலே தோல் பெற்றுக்கொள்வார்கள். அந்தக் கடனே ஆற்றுக்குப் பெயராயிற்று. அந்த ஆற்றங்கரையிலும் 1820-க்குள் அவர்களிடம் எஞ்சியது வெறும் 200 ஏக்கர். வந்தேறிய குடியானவனுக்கு நிலப்பட்டா தந்த அரசு, மண்ணின் மைந்தனுக்கு இந்த 200 ஏக்கருக்கும் பட்டா தர மறுத்தது. 1847-இல் ஊரைக் காலி செய்தனர். இடம் கொடுத்தவர் யார்? அரசா? இல்லை. கிராண்ட் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஆறு இனத்தார் கூட்டமைப்பு. அவர்களும் பழங்குடியினரே, அவர்களும் நிலம் பறிகொடுத்தவர்களே. ஏழை கொடுத்த இடத்திலே ஏழை குடியேறினான். அங்கேதான் மிசிசாகா மக்களின் ஒதுக்கிடம் இன்றும் இருக்கிறது.

சரி, நிலம் போயிற்று; பணமாவது பத்திரமாக இருந்ததா? பழங்குடியினர் பணத்தை நாமே காவலராக இருந்து காப்போம் என்றது முடியரசு. காத்த அழகைப் பாருங்கள்! ஆறு இனத்தார் நிலத்தை விற்றுச் சேர்ந்த பணத்தை, அவர்கள் சம்மதம் இல்லாமலே, 1830-களிலும் 40-களிலும் கிராண்ட் ஆற்றுக் கப்பல் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றிலே அதிகாரிகள் போட்டனர். கம்பெனி திவாலாயிற்று, பணம் ஆற்றோடு போயிற்று. அந்தக் கணக்கையும் மற்றக் கணக்குகளையும் கேட்டு ஆறு இனத்தார் 1995-இல் நீதிமன்றம் ஏறினார்கள்.

முன்னமேயே வழக்குப் போட்டிருக்கலாமே என்பீர்கள். அதற்கும் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். 1927-இல் ஒரு சட்டம். நிலவுரிமை கேட்டு வழக்காடப் பழங்குடி மக்களிடம், அரசின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் நிதி திரட்டினால் அது குற்றம்! 50 முதல் 200 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டு மாதம் வரை சிறை. வேலைநிறுத்த நிதிக்கு உண்டியல் குலுக்கிய தோழன் இதைப் படித்துப் பார்க்க வேண்டும். உண்டியல் குலுக்கினால் சிறை! 1951 வரை, 24 ஆண்டுகள், அந்தச் சட்டம் இருந்தது.

மிசிசாகா மக்கள் 1986-இல் தங்கள் கோரிக்கையை முறைப்படி வைத்தனர். தீர்வு வந்தது 2010-இல். மறுபடியும் ஒரு 24 ஆண்டுகள்! தொகை 14 கோடியே 50 லட்சம் டாலர். "அடேயப்பா!" என்று வாய் பிளப்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. ஏக்கருக்குப் பங்கிட்டால் சுமார் 580 டாலர். டொரான்டோவிலே ஒரு வீட்டின் சராசரி விலை ஏறத்தாழ 10 லட்சம் டாலர். ஒரு மாநகரத்தையே இழந்தவர்களுக்குக் கிடைத்தது சுமார் 145 வீடுகளின் விலை! இது தருமம் அன்று. இருநூறு ஆண்டு நிலுவையிலே ஒரு துளி. அதையும் அவர்கள் கண்டபடி இறைத்துவிடவில்லை. உறுப்பினருக்குத் தலைக்கு 20,000 டாலர் போக, பெரும்பகுதியைச் சமூக அறக்கட்டளையிலே வைத்தனர்.

இப்படிப்பட்ட மக்களைப் பார்த்துத்தான் 2013-இல் கனடா ஒரு சட்டம் செய்தது. பழங்குடி மன்றங்கள் தணிக்கைக் கணக்கையும், தலைவர்கள் வாங்கும் சம்பளத்தையும் ஊரறிய வெளியிட வேண்டும். தவறினால் நிதியை நிறுத்தலாம் என்றது. 2015 டிசம்பரிலே, அடுத்து வந்த அரசு அந்தத் தண்டிப்பை நிறுத்தி வைத்தது.

நம் நிலை என்ன? தெளிவாகவே சொல்கிறோம். பழங்குடித் தலைவனானாலும் சங்கத் தலைவனானாலும் தன் மக்களுக்குக் கணக்குக் காட்டியே தீர வேண்டும். மன்றத்துப் பணத்திலே கை வைப்பவன் எவனாயினும் அவனுக்காக நாம் வாதாட மாட்டோம். ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை முதலில் யாருக்கு? அந்த மன்றத்தைத் தேர்ந்தெடுத்த மக்களுக்கு. சங்கக் கணக்கைத் தொழிலாளி கேட்கலாம், கேட்க வேண்டும். கூலியைப் பிடித்து வைத்திருக்கும் முதலாளி வந்து, "உன் சங்கக் கணக்கைக் காட்டு, பிறகு கூலி தருகிறேன்" என்றால் ஒப்புவோமா? கூலி வேறு, சங்கக் கணக்கு வேறு என்போம். அந்த நியாயம் கனடாவிலே மட்டும் மாறிவிடுமா?

ஆகவே இரண்டு ஏடுகளும் ஒன்றாகத் திறக்கட்டும். ஒன்று, மன்றத்தின் வரவு செலவு ஏடு. அதைத் தம் மக்கள் முன் மன்றம் திறக்கட்டும். மற்றொன்று, எழுதாத பத்திரத்திலே தொடங்கி, 10 ஷில்லிங்கிலே வளர்ந்து, திவாலான கம்பெனியிலே கரைந்த ஏடு. அதை அரசு திறக்கட்டும். நிலுவையை வட்டியோடு தீர்க்கட்டும். முதல் ஏட்டிலே ஒரு டாலர் குறைந்தாலும் கூச்சலிடுவோர், இரண்டாம் ஏட்டிலே 2,50,000 ஏக்கர் குறைவதைக் கண்டும் வாய் திறவாதிருந்தால், அவர்கள் கேட்பது கணக்கு அல்ல. கடனைக் கட்டாமல் தப்புவதற்கு ஒரு சாக்கு!